குடும்ப எடை

குடும்ப நல்லுடல் மையத்துக்குள் குண்டாக ஒரு குழந்தை போனால், அந்தக் குழந்தைக்கு அங்கே யாரும் வைத்தியம் பார்ப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக் கூடாது. வாசல் சுவரில் ஆளுயர எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: ‘குழந்தை வெறும் அறிகுறி. குடும்பமே நோயாளி.’ படித்த பிறகும் உள்ளே போனால் அது உங்கள் பாடு. எடைமேடைக்காரரும் படித்தார். நல்ல கருத்துதான் என்று தலையை வேறு ஆட்டினார், பாவம்.

அவருக்கு வேலை சரக்கு லாரிகளை எடை போடுவது. மேடையை ஒட்டிய கண்ணாடி அறையில் உட்கார்ந்து, சரக்கோடு வரும்போது ஒரு எடை, இறக்கிவிட்டுப் போகும்போது ஒரு எடை எடுத்துச் சீட்டு எழுதிக் கொடுப்பார். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் சரக்கு. பதினேழு வருஷமாக இதே கழித்தல்தான். சரக்கோடு நிறுத்தும்போது கேபினில் சட்டமாக உட்கார்ந்துகொண்டு, காலி வண்டியை நிறுத்தும்போது மட்டும் டீ குடிக்கப் போவதுபோல் நழுவுகிற டிரைவர்களை அவர் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார். “அண்ணே, நீங்களும் சரக்கா? ஏறி உக்காருங்க” என்பார். அந்த விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. மற்ற விஷயங்களில் யார் வேண்டுமானாலும் ஏமாற்றலாம்.

ஒரே மகள். பத்து வயது. வீட்டில் அவளுக்குப் பெயர் பஞ்சு. கன்னத்தைக் கிள்ளிப் பார்த்த யாரும் காரணம் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த பெயர் உருளை. அதற்கும் யாரும் காரணம் கேட்டதில்லை.

மூன்றாவது மாடி ஏறுவதற்குள் பிள்ளைக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறதே என்று டாக்டரிடம் காட்டினார்கள். அவர் நல்ல மனுஷர். “பஸ் வேணாம், நடந்து போகட்டும். பாட்டில் ஜூஸை நிறுத்துங்க. அவசரம் ஒண்ணும் இல்ல” என்றார். அன்றிலிருந்து எடைமேடைக்காரர் மகளைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போனார். இருபத்தைந்து நிமிஷ நடை.

அந்த இருபத்தைந்து நிமிஷத்தில் ஓர் அதிசயம் நடந்தது. அதுவரை அப்பாவும் மகளும் பேசிக்கொண்டதெல்லாம் “சாப்டியா”, “சாப்டேன்”, “படிச்சியா”, “ம்”. நடக்க ஆரம்பித்த மூன்றாம் நாள் பஞ்சு வாயைத் திறந்தாள். அப்புறம் மூடவே இல்லை. கணக்கு டீச்சர் கொட்டாவியை எப்படி மறைப்பார், யாருக்கு யாரோடு டூ, மீன் தூங்கும்போது கண்ணை மூடுமா, மூடாதென்றால் தூங்குகிறது என்று மீனுக்கே எப்படித் தெரியும்? எடைமேடைக்காரர் “அப்படியா” என்பார், “அட” என்பார், “அப்புறம்” என்பார். அதற்கு மேல் அவருக்குப் பேச வராது, தேவையும் இருக்கவில்லை. அவருக்கு அந்த ஒரு நாளின் சம்பாத்தியம் பள்ளி கேட்டிலேயே முடிந்துவிடும். சும்மா சொல்லக் கூடாது, இரண்டு மாதத்தில் பஞ்சுவுக்கு மூச்சிரைப்பும் குறைந்திருந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு துண்டுத்தாள் வந்தது. ‘உங்கள் குழந்தையின் நலனில் உங்களுக்கு அக்கறை உண்டா?’ என்று கேட்டு, கீழே மையத்தின் முகவரியைப் போட்டிருந்தார்கள். இல்லை என்று எந்தத் தகப்பன் சொல்வான்?

மையத்தில் முதல் காரியமாக மூன்று பேரையும் எடை போட்டார்கள். எடைமேடைக்காரர் ஐம்பத்தொன்று. அவர் மனைவி, ஆயத்த ஆடைத் தொழிற்கூடத்தில் காலர் தைப்பவர், அறுபத்து மூன்று. பஞ்சு ஐம்பத்து மூன்று. மகிழ்ச்சி அலுவலர் என்று சட்டையில் அட்டை குத்தியிருந்த ஒரு பெண் மூன்றையும் கூட்டி, ‘நோயாளி: குடும்பம். எடை: 167’ என்று எழுதினாள்.

எடைமேடைக்காரருக்குக் கை அரித்தது. “அம்மா, மிஷின் ரப்பர் விரிப்பு மேல நிக்குது. ஒரு பக்கம் அமுங்குது பாருங்க. தரையில வெச்சாத்தான் சரியா காட்டும். அப்புறம், மூணு பேரையும் ஏன் கூட்டறீங்க?”

“அப்பா,” என்றாள் அந்தப் பெண். அங்கே தகப்பன்கள் எல்லாருக்கும் அதுதான் பெயர். “இங்க நாங்க எடையைப் பார்க்கறதே இல்லப்பா. உணர்வைத்தான் பார்க்கறோம். கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறுங்க, முந்நூறு கிராம் விட்டுப்போச்சு.”

அடுத்து உணர்வைப் பார்த்தார்கள். ஒரு தாளில் ஐந்து முகங்கள் வரைந்திருந்தன. முதல் முகம் அழுதுகொண்டிருந்தது, ஐந்தாவது முகம் பல் அத்தனையும் காட்டியது. பஞ்சு இரண்டாவது முகத்தில் வட்டம் போட்டாள்.

“இதுல சரி, தப்புன்னு எதுவுமே கிடையாது கண்ணு,” என்றாள் மகிழ்ச்சி அலுவலர் கனிவாக. “இந்தா ரப்பர்.”

பஞ்சு அழித்துவிட்டு மூன்றாவதில் போட்டாள். மகிழ்ச்சி அலுவலர் ரப்பரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. பஞ்சு கெட்டிக்காரப் பெண். நாலாவதில் போட்டதும் கைதட்டினார்கள்.

பிறகு இயக்குநர் வந்தார். நெற்றி பளபளக்க, குரலில் தேன் வழியப் பேசுகிற மனிதர். “உங்க வீட்ல புள்ள யார்கிட்ட மனசு விட்டுப் பேசும்?” என்று கேட்டார்.

“அவங்கப்பாகிட்டதான். என்கிட்ட எங்க பேசறா, அவர்கிட்டதான் எல்லாம்” என்றாள் மனைவி, கொஞ்சம் பொறாமையோடு. எடைமேடைக்காரருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஊரார் முன்னால் இப்படி ஒரு பெருமை அவருக்கு அதுவரை கிடைத்ததில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். “ஆமா சார், காலைல நடக்கும்போது எல்லாத்தையும் கொட்டிடுவா” என்று தானும் சேர்த்துச் சொன்னார்.

“அருமை! அப்ப நீங்கதான் வீட்டுக் கண்காணிப்பாளர்” என்று இயக்குநர் ஒரு பச்சை நோட்டை அவர் கையில் வைத்தார். பிள்ளை என்ன சாப்பிடுகிறாள், என்ன பேசுகிறாள், எதற்கு முகம் வாடுகிறாள் என்று தினமும் எழுத வேண்டும். பிள்ளைக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் இயல்பு கெட்டுப்போகும்.

“யாராவது படிப்பாங்களா சார்?”

“ரகசியம்தாங்க எங்களுக்கு உயிர்” என்றார் இயக்குநர் நெஞ்சில் கை வைத்து. “உங்க கைவிட்டா என் கை. அவ்வளவுதான்.”

அன்று முதல் குடும்பம் குணமாகத் தொடங்கியது. சாப்பிடும் முன் ஒருவரிடம் ஒருவர் பிடித்த குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றார்கள். முதல் வாரம் எல்லாரும் உருகிப்போய்ச் சொன்னார்கள். மூன்றாவது வாரம் மனைவி, “நீங்க செருப்பை ஒழுங்கா விடறீங்க. சரி, சாப்பிடுங்க, ஆறிப்போகுது” என்றாள். ஒவ்வொரு வாய்க்கும் நாற்பது முறை மெல்ல வேண்டும் என்றார்கள். எண்ணுவதில் கவனம் போய், மூன்று பேரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் அசைபோட்டார்கள். கூடத்தில் தினமும் பத்து நிமிஷம் குடும்பமாகக் குதிக்க வேண்டும் என்றார்கள். கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து, “யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார். “குடும்பத்துக்கே சரியில்லைங்க” என்று உண்மையைச் சொன்னார் எடைமேடைக்காரர்.

எல்லாவற்றுக்கும் மேல், நோயாளி குடும்பம் என்பதால் உணவுக் கட்டுப்பாடும் குடும்பத்துக்குத்தான். ஐம்பத்தொரு கிலோ மனுஷருக்கும் அதே அரைத்தட்டுச் சோறு, அதே வெள்ளரிக்காய். “நான் ஏற்கெனவே குச்சிங்க” என்று முறையிட்டுப் பார்த்தார். “இதைத்தான் நாங்க எதிர்ப்புன்னு சொல்றோம்ப்பா” என்று மகிழ்ச்சி அலுவலர் குறித்துக்கொண்டாள். பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டார். ஒரு நாள் மேடையில் நின்ற லாரி இரண்டாகத் தெரிந்தது. பதினேழு வருஷத்தில் முதல் முறையாக ஒரு சீட்டைக் கிழித்து மறுபடி எழுதினார். பிள்ளைக்காகத்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

பச்சை நோட்டை மட்டும் அவர் குறை வைக்காமல் எழுதினார். எழுத வேறு விதம் தெரியாததால் எடைச்சீட்டு மாதிரியே எழுதினார். ‘செவ்வாய். காலை 8.10 புறப்பாடு. 8.35 சேர்க்கை. விவரம்: மீன் பற்றி.’ நோட்டு மையத்துக்குப் போய் வாரா வாரம் திரும்பி வரும். ‘மீன் வேண்டாம். ஆழமாகப் போகவும்’ என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருப்பார்கள்.

ஆழமும் வந்தது. ஒரு திங்கட்கிழமை, மருந்துக்கடை முனை திரும்பும்போது பஞ்சு பேச்சைப் பாதியில் நிறுத்தினாள்.

“ப்பா, ஒண்ணு சொன்னா யார்கிட்டயும் சொல்ல மாட்டியே? அம்மாகிட்டகூட?”

“சொல்ல மாட்டேன்டா.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

“நான் மத்தியானம் பாத்ரூம்லதான் சாப்பிடறேன். கடைசி பாத்ரூம். அங்க தாழ்ப்பா நல்லாருக்கு. வெளிய சாப்பிட்டா அவங்க எல்லாம் சுத்தி நின்னுக்கிட்டு ஒண்ணு, ரெண்டுன்னு வாய் எண்றாங்க. இருபது வந்ததும் கைதட்டறாங்க.” ஏதோ மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். அப்புறம், “நாத்தமெல்லாம் இல்லப்பா, காலைலதான் கழுவுவாங்க” என்று அவருக்கே ஆறுதலும் சொன்னாள்.

எடைமேடைக்காரர் நடையை நிறுத்தினார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. அன்று எழுதவில்லை. அடுத்த நாளும் எழுதவில்லை. மூன்றாம் நாள் மகிழ்ச்சி அலுவலர் எடைமேடைக்கே போன் செய்தாள்.

“ரெண்டு பக்கம் வெறுமையா இருக்குப்பா. பேசாத பக்கம் இருந்தா, மறைக்கற குடும்பம்னு அர்த்தம். டாக்டர்கிட்ட மறைச்சா யாருக்கு நஷ்டம்?”

யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டது. படித்தவர்கள், பள்ளிக்கூடத்தோடு தொடர்பு உள்ளவர்கள், ஒரு வார்த்தை சொன்னால் அந்த எண்ணுகிற கூட்டத்தை அடக்கிவிடுவார்கள். தன்னால் முடியாததை அவர்கள் செய்வார்கள். சத்தியம் செய்தது உறுத்தியது. மகளுக்கு நல்லது நடக்கும் என்றால் ஒரு சத்தியம் போனால் போகட்டும் என்று எழுதினார். கடைசி வரியை மட்டும் அழுத்தி, கீழே கோடு போட்டு எழுதினார்: ‘குறிப்பு: பள்ளியில் பேசி உதவவும்.’

அந்த வாரம் நோட்டு திரும்பி வந்தபோது ஓரத்தில் மூன்று நட்சத்திரம் போட்டிருந்தது.

மாதக் கடைசி ஞாயிறு காலை, மையத்தில் குடும்பத் திருநாள். முப்பது குடும்பங்கள் வந்திருந்தன. பஞ்சு பள்ளிக்கூடத்திலிருந்தே இரண்டு குடும்பங்கள். எல்லாரையும் வட்டமாக நிறுத்திக் குதிக்க வைத்து, மூச்சு வாங்க உட்கார வைத்து, இயக்குநர் மேடை ஏறினார்.

“நண்பர்களே, குழந்தையின் மனசு ஒரு பூட்டிய பெட்டி. அதை உடைக்கக் கூடாது. அன்பாகப் பேசி, நம்பிக்கையைச் சம்பாதித்து, குழந்தையே சாவியை எடுத்துக் கொடுக்கும்படி செய்ய வேண்டும். அப்புறம் நமக்கு எதுவும் தடை இல்லை. இதோ ஒரு குழந்தை. பெயர் சொல்ல மாட்டேன். ரகசியம் எங்களுக்கு உயிர்.”

திரையில் பச்சை நோட்டின் பக்கம் சுவர் அகலத்துக்கு விரிந்தது. பெயர் இருந்த இடத்தில் கறுப்புப் பட்டை ஒட்டியிருந்தார்கள். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. ‘திங்கள். காலை 8.10 புறப்பாடு. விவரம்: மதியம் கழிப்பறையில் சாப்பிடுகிறாள். கடைசிக் கழிப்பறை. தாழ்ப்பாள் நன்றாக உள்ளது.’ கீழே கோடு போட்டு எழுதிய வரி மட்டும் திரையில் இல்லை. பக்கத்தை அதற்கு மேலேயே வெட்டியிருந்தார்கள்.

உலகத்தில் புறப்பாடு, சேர்க்கை என்று போட்டு மகளைப் பற்றி எழுதுகிற தகப்பன் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்?

“ப்பா,” என்றாள் பஞ்சு மெதுவாக. “அது உன் எழுத்துதானே?”

அவர் கண்ணைத் திரையிலிருந்து கீழே இறக்கினார்.

“சத்தியம் பண்ணியே.”

அழவில்லை அவள். அழுதிருந்தால் தூக்கிக்கொண்டு வெளியே போயிருப்பார். முகத்தைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டு, யாரோ ஒரு பிள்ளையைப் பற்றிக் கேட்பதுபோல உட்கார்ந்திருந்தாள். இரண்டு வரிசை முன்னால் அவள் வகுப்புப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்து, தன் அம்மா காதில் ஏதோ சொன்னாள்.

“இதற்கு என்ன தீர்வு? வெட்கப்படாமல் சொல்லுங்கள்!” என்றார் இயக்குநர். சபை வெட்கப்படவில்லை. தாழ்ப்பாளைக் கழற்றிவிடலாம் என்றார் ஒரு தகப்பன். டப்பாவைச் சின்னதாக்கினால் உள்ளே இருக்கும் நேரம் குறையும் என்றாள் ஒரு தாய். வாய் எண்ணுகிற பெண்கள் பிள்ளைக்கு உதவிதான் செய்கிறார்கள், அவர்களையும் திட்டத்தில் சேர்க்கலாம் என்று ஒருவர் எழுந்து சொன்னபோது பலத்த கைதட்டல். மகிழ்ச்சி அலுவலர் அதைப் பலகையில் எழுதினாள்.

எடைமேடைக்காரர் எழுந்தார். “அதுல கடைசி வரியைப் போடுங்க சார். உதவச் சொல்லி எழுதியிருக்கேன். அந்த வரி எங்க?” என்றார். யார் எழுதிய பக்கம் என்று தெரியாமல் இருந்த மற்றக் குடும்பங்களுக்கும் அப்போதுதான் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள். “உக்காருங்களேன்” என்றாள், அழுகிற குரலில்.

கூட்டம் முடிந்ததும் இயக்குநரின் அறைக்குப் போனார். கதவைத் தட்டவில்லை.

“என் கைவிட்டா உங்க கைன்னு சொன்னீங்களே சார். அவ என்னை நம்பிச் சொன்னா. நான் உங்களை நம்பி எழுதினேன்.”

“பெயரை மறைச்சோமே!” என்றார் இயக்குநர், நிஜமாகவே புரியாமல். “கறுப்புப் பட்டை ஒட்டினது யார், நாங்கதானே? எழுந்து நின்னு காட்டிக்கொடுத்தது நீங்க. சரி, அதை நான் மன்னிச்சுட்டேன். உக்காருங்க, நல்ல செய்தி இருக்கு.”

ஒரு தாளை நகர்த்தினார். ‘நோயாளி: குடும்பம். முன்பு 167. இப்போது 160. மன மகிழ்ச்சி: ஐந்துக்கு நாலு.’

“ஏழு கிலோ! பூரண குணம். அடுத்த மாசம் ஒரு மாநாட்டுல உங்க குடும்பத்தைப் பத்தித்தான் பேசப்போறேன்.”

எடைமேடைக்காரர் தாளைப் பார்த்தார். கழித்தல் அவருக்குத் தெரிந்த வேலை. தான் ஐம்பத்தொன்றிலிருந்து நாற்பத்து நாலு. மனைவி இரண்டு கிலோ குறைவு. மொத்தம் ஒன்பது போயிருக்கிறது. தாளில் ஏழுதான் இருக்கிறது.

“அப்ப என் பொண்ணு ரெண்டு கிலோ ஏறியிருக்கா சார்.”

“தனித்தனியா பார்க்கக் கூடாதுங்க. அது பழைய பார்வை.”

“அவளுக்குத்தானே சார் மூச்சு வாங்குச்சு? எனக்கு இல்லையே. அவ பாத்ரூம்ல உக்காந்து சாப்பிடறா சார்!”

“குடும்பம் சந்தோஷமா இருக்குன்னு அவளே நாலாவது முகத்துல வட்டம் போட்டிருக்கா. குழந்தை பொய் சொல்றான்னு சொல்றீங்களா?” இயக்குநர் எழுந்து வந்து அவர் தோளில் கை போட்டார். “பாருங்க அப்பா, இங்க இத்தனை பெத்தவங்க வர்றாங்க. ஒரு குழந்தைகூட இவ்வளவு ஆழமா வாய் திறந்ததில்ல. அது உங்க திறமை. நீங்க முன்னோடித் தந்தையா இருந்து, குழந்தைங்ககிட்ட எப்படிப் பேச்சைக் கறக்கறதுன்னு மத்த அப்பாக்களுக்கு வகுப்பு எடுக்கணும். சனிக்கிழமை வசதிப்படுமா?”

எடைமேடைக்காரர் அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். திட்டுவதற்கு நல்ல வார்த்தைகள் லாரிக்காரர்களிடமிருந்து நிறையக் கற்றிருந்தார். ஒன்றுகூட வரவில்லை. பச்சை நோட்டைக் கேட்டார். அது மையத்தின் சொத்து, ஆராய்ச்சிக்கு வேண்டும் என்றார்கள்.

மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போய், தலைமையாசிரியை முன்னால் நின்று, வாய் எண்ணும் விஷயத்தை நேராகச் சொன்னார். சொல்லி முடிக்க மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த அம்மாள் முகம் சிவந்துபோய், “இதை ஏன் முன்னாடியே எங்ககிட்ட சொல்லல?” என்று கேட்டார். எண்ணுவது நின்றுவிட்டது. பஞ்சு மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள் என்று மனைவி மூலமாகத்தான் அவருக்குத் தெரிந்தது. பஞ்சு இப்போது அம்மாவிடமும் அதிகம் பேசுவதில்லை. கேட்டால் மட்டும் சொல்வாள்.

காலை நடை நிற்கவில்லை. அவர் “தப்புப் பண்ணிட்டேன்டா” என்றார். “சரிப்பா” என்றாள். “இனிமே எழுத மாட்டேன், நோட்டே இல்ல” என்றார். “தெரியும்ப்பா” என்றாள். கோபமாக இல்லை, மரியாதையாக இருந்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மீன் தூங்குமா என்று ஒரு நாள் அவரே எடுத்துக் கொடுத்துப் பார்த்தார். “தூங்கும்ப்பா, புக்ல போட்டிருக்கு” என்று முடித்துவிட்டாள். இருபத்தைந்து நிமிஷம் இவ்வளவு நீளம் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

மூன்று வாரம் கழித்து, எதிர்த்தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருத்தி அவர்களோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்தாள். ஒரு நாள் பூட்டு சரியாக விழாமல் எடைமேடைக்காரர் கொஞ்சம் பின்தங்கிவிட்டார். வேகமாக எட்டு வைத்து வந்தவர், முன்னால் மகள் கையை ஆட்டி ஆட்டி, நின்று நின்று, அந்தப் பெண்ணிடம் எதையோ சொல்லிக்கொண்டு போவதைப் பார்த்தார். பழைய பஞ்சுவேதான். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. என்ன சொல்கிறாள் என்று கேட்கும் ஆசையில் கிட்டே போய்விட்டார்.

“அப்புறம்?” என்றாள் அந்தப் பெண்.

பஞ்சு திரும்பிப் பார்த்தாள். ஆட்டிய கை கீழே இறங்கியது.

“அப்புறம் சொல்றேன். எங்கப்பா வர்றாரு.”

எடைமேடைக்காரர் அங்கேயே நின்றார். செருப்பு வார் அறுந்துபோனதுபோலக் குனிந்து, அறுபடாத வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவள் சொல்லி முடிக்கட்டும் என்று, பிள்ளைகள் இரண்டும் தெருமுனை திரும்புகிறவரைக்கும் அவர் நிமிரவே இல்லை.